அடி, திருப்பம், தூசு: துளைப்பொறி வரலாற்றின் மூன்றாம் வேலை

கான்கிரீட்டைத் துளைக்கும் கனரக ரோட்டரி ஹாமரைத் தெரிவு செய்வோர் முதலில் பார்ப்பவை மூன்று: ஓர் அடியின் ஆற்றல் எத்தனை ஜூல், எடை எவ்வளவு, விலை எவ்வளவு. துளையிலிருந்து வெளிவரும் தூசு எங்கே போகும் என்ற நான்காவது கேள்வி அரிதாகவே எழுகிறது. அக்கேள்வி பின்தங்கியதற்குத் தொழில்நுட்பக் குறைபாடு காரணமன்று என்பதைத் துளைப்பொறியின் வரலாறு காட்டுகிறது.

பாறையைத் துளைப்பதில் மூன்று வேலைகள் அடங்கியுள்ளன: உளியை அடித்தல், அடிக்கு அடி அதைச் சற்றே திருப்புதல், பொடியை அகற்றுதல். மும்பையைத் தக்காணத்துடன் இணைக்க 1856 முதல் 1863 வரை அமைக்கப்பட்ட போர் காட் ரயில்பாதையின் 25 சுரங்கங்களும் கைத்துளையும் வெடிமருந்தும் கொண்டு குடையப்பட்டவை. அங்கே தொழிலாளரைப் பெருமளவில் கொன்றவை காலராவும் காய்ச்சலும் விபத்துகளும். கைத்துளையிடலில் கீழ்நோக்கிய குழிக்குள் நீரூற்றி, சேறாகும் பொடியைக் கரண்டி போன்ற கம்பியால் எடுப்பது வழக்கம். வேலை மெதுவானது, எழும் தூசும் குறைவு.

அதே காலத்தில் ஆல்ப்ஸ் மலையில், 1857இல் தொடங்கிய ஃப்ரேஜுஸ் சுரங்கத்தில், 1861 முதல் அழுத்தக் காற்றுத் துளைப்பொறிகள் இயங்கின. அடியும் திருப்பமும் எந்திரத்தின் கைக்கு மாறின. துளைக்குள் நீர் பாய்ச்சும் ஏற்பாடும் அங்கே இருந்தது. எனினும் நூற்றாண்டின் இறுதியில் உலோகச் சுரங்கங்களில் பரவிய துளைப்பொறிகள் பெரும்பாலும் உலர்நிலையிலேயே இயக்கப்பட்டன. அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளர் அவற்றுக்கு இட்ட பெயர் ‘விதவையாக்கி’.

1897இல் கொலராடோவைச் சேர்ந்த ஜான் ஜார்ஜ் லெய்னர் உள்ளீடற்ற துளையுளியை அறிமுகப்படுத்தினார். உளியின் நடுத்துளை வழியே காற்றைச் செலுத்திப் பொடியை வெளியே தள்ளியது அவரது எந்திரம். வேகம் கூடியது, தூசும் முகத்தில் அறைந்தது. தொழிலாளர் அதை இயக்க மறுத்தனர். லெய்னர் எந்திரத்தை மாற்றியமைத்து, காற்றுடன் நீரையும் அதே துளை வழியே செலுத்தினார். ஈரத் துளையிடல் நிலைபெற வழிவகுத்தவற்றுள் அந்த மறுப்பு முக்கியமானது.

மறுக்க இயலாதவர்களின் கதை வேறு. 1930–31இல் மேற்கு வர்ஜீனியாவின் ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கத்தில், லெய்னருக்கு முப்பதாண்டுகளுக்கும் பின்னர், சிலிக்கா நிறைந்த பாறை உலர்நிலையிலேயே துளைக்கப்பட்டது. பெருமந்தக் காலத்தில் வேலை தேடி வந்த தொழிலாளர், பெரும்பான்மையும் கறுப்பினத்தவர், நூற்றுக்கணக்கில் சிலிகோசிஸால் மாண்டனர். இந்தியாவில் வட ஆர்க்காட்டுத் தமிழர் பெருந்தொகையாக உழைத்த கோலார் தங்கவயலிலும் 1940களின் மருத்துவ ஆய்வுகள் இந்நோய் பரவலாக இருந்ததைப் பதிவு செய்தன.

சுரங்கத்தின் தொழில்நுட்பம் கட்டடத்துக்கு வந்தது மின்சாரத்தின் வழியே. பாஷ் நிறுவனத்தின் மின் சுத்தியல் 1932இல் வெளிவந்தது. ஹில்ட்டியின் டிஇ 17 1967இல் வந்தது. அதில் காற்றுமெத்தையின் மேல் இயங்கும் உந்துதண்டு அடியைத் தருகிறது. 1975இல் வந்த எஸ்டிஎஸ் பிடிப்பில் துளையுளி முன்பின்னாக நகர்வதால், அடியின் ஆற்றல் நேரே உளிக்குச் செல்கிறது. கனரக வேலைக்கான எஸ்டிஎஸ்-மேக்ஸ் உளியின் தண்டு 18 மில்லிமீட்டர் விட்டமுடையது, எஸ்டிஎஸ்-பிளஸ்ஸுக்கு 10. உளியின் திருகுப் பள்ளங்கள் பொடியைக் குழியிலிருந்து மேலே கொணர்கின்றன. மூன்றாம் வேலையும் எந்திரமயமானது. ஆனால் பாதியளவில் மட்டும். பொடி குழியை விட்டு நீங்குகிறது, எந்திரத்தைப் பிடித்திருப்பவரின் மூச்சுக்காற்றை விட்டு நீங்குவதில்லை. கான்கிரீட்டின் மணலிலும் ஜல்லியிலும் உள்ள படிகச் சிலிக்காவை உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் முதல் வகைப் புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்தியது.

தீர்வும் கிடைக்கிறது. உள்ளீடற்ற உளியை உறிஞ்சுபொறியுடன் இணைத்து, பொடி பிறக்கும் இடத்திலேயே அதை இழுத்துவிடலாம். லெய்னரின் உளியில் காற்று உள்ளே சென்றது. இதில் வெளியே இழுக்கப்படுகிறது. இக்கருவி விற்பனையாகும் காரணம் கவனத்துக்குரியது. குழியில் பொடி தங்கினால் வேதிப்பசை நங்கூரத்தின் பிடிப்பு குறையும். ஆகவே பொறியாளர் தூய குழியைக் கோருகிறார். நுரையீரலுக்காக அதே கோரிக்கையை எழுப்புவோர் குறைவு.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் சிலிகோசிஸை அறிவிக்கத்தக்க நோயாகப் பட்டியலிட்டது. கட்டுமானத் தளம் அதன்படி தொழிற்சாலையாகக் கருதப்படவில்லை. கட்டுமானத் தொழிலாளருக்கான தனிச் சட்டம் 1996இல் வந்தது. ஆண்டுகள் கழித்து நோய் வெளிப்படும்போது, புலம்பெயர்ந்த தொழிலாளி அத்தளத்தை விட்டு வெகுதூரம் சென்றிருப்பார்.

லெய்னரின் எந்திரத்தைத் திருத்தியவர்கள் அதைக் கையில் பிடித்தவர்கள். இன்று எந்திரத்தைத் தெரிவு செய்பவர் ஒருவர், பிடிப்பவர் வேறொருவர். விலைப்பட்டியலில் தூசு உறிஞ்சி இன்றும் ‘துணைக்கருவி’ என்றே குறிக்கப்படுகிறது. துளையிடலின் மூன்று வேலைகளுள் ஒன்று எவ்வாறு துணைப்பொருள் ஆயிற்று என்பது தொழில்நுட்ப வரலாற்றின் கேள்வி மட்டுமன்று. உழைப்பு வரலாற்றின் கேள்வியும் ஆகும்.