காகித விமானம் 88 மீட்டர் பறந்தது எப்படி?

மடித்தாச்சு, எறிந்தாச்சு. இரண்டு மீட்டர்கூடப் போகவில்லை, தலைகுப்புறத் தரையில் விழுகிறது. பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்கிறது.

அதே ஏ4 தாளை 2022 டிசம்பரில் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் மூன்று பொறியாளர்கள் 88.318 மீட்டர் தூரம் பறக்கவிட்டார்கள். இடையில் என்னதான் வித்தியாசம்?

*எடை எங்கே இருக்கிறது?*

முதலில் ஒரு சின்னச் சோதனை. மடிக்காத தாளை அப்படியே விட்டுப் பாருங்கள். அங்கும் இங்கும் ஆடி, எங்கோ போய் விழும். தாளின் எடை சரியாக நடுவில் இருப்பதுதான் காரணம்.

மூக்குப் பக்கத்தை நாம் மீண்டும் மீண்டும் மடிப்பது அழகுக்காக அல்ல. எடையை முன்னே கொண்டுபோகத்தான். ஆனால் அளவு மீறினால் விமானம் நேராகக் கீழே பாயும். நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2022இல் முடிவுகளை வெளியிட்டார்கள். எடையின் மையம் தாளின் முன் விளிம்புக்கும் நடுப்பகுதிக்கும் ஏறக்குறைய இடையில் இருந்தால் விமானம் சீராக மிதந்து போகிறது.

இதில் ஒரு சுவாரசியம் உண்டு. தட்டையான காகித இறக்கை தன்னைத்தானே திருத்திக்கொள்ளும். மூக்கு மேலே எழும்பினால், காற்று தாங்கிப் பிடிக்கும் இடம் பின்னால் நகர்ந்து மூக்கை இறக்கும். மூக்கு தாழ்ந்தால் அந்த இடம் முன்னால் வந்து தூக்கிவிடும். நாம் பயணம் செய்யும் விமானத்தின் இறக்கைக்கு இந்தக் குணம் இல்லை. அதனால்தான் அதற்கு வால் தேவைப்படுகிறது.

*வேகமா, மிதப்பா?*

தூரச் சாதனைக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஈட்டி மாதிரி ஒல்லியாக மடித்து முழு பலத்தோடு வீசுவது. இன்னொன்று, அகலமான இறக்கை வைத்து மிதக்க விடுவது.

முதல் வழிதான் சரி என்று பலரும் நினைத்த காலத்தில், 2012 பிப்ரவரியில் ஜான் காலின்ஸ் அதை மாற்றிக் காட்டினார். அவர் தொலைக்காட்சியில் வேலை செய்தவர் (நம்ம துறைக்காரர்!). தன் மனைவியின் பெயரால் 'சூசன்' என்ற விமானத்தை வடிவமைத்தார். வீசியவர் அவர் அல்ல. அமெரிக்கக் காற்பந்து விளையாடிய ஜோ அயூப்பை அழைத்துவந்து வீசச் சொன்னார். உயரத்துக்குப் போய், வேகம் குறைந்த பிறகு மெல்ல மிதந்த அந்த விமானம் 69.14 மீட்டர் கடந்தது.

அந்தச் சாதனை பத்தாண்டு நின்றது. 2022 ஏப்ரலில் தென்கொரியாவின் டேகு நகரில் கிம் கியு டே வீசிய விமானம் 77.134 மீட்டர் போனது. அந்த மூவர் அணியில் ஒருவர் மலேசியர், பெயர் சீ யீ ஜியான்.

எட்டு மாதம்கூட அது தாங்கவில்லை. இண்டியானாவில் டிலன் ரூபல், கேரட் ஜென்சன், நேத்தனியல் எரிக்சன் ஆகிய மூவரும் மறுபடியும் வேகத்துக்கே திரும்பினார்கள். ஒலியைவிடப் பல மடங்கு வேகமாகப் பறந்த நாசாவின் எக்ஸ்-43ஏ விமானத்தைப் பார்த்து வடிவம் அமைத்தார்கள். ஒன்றை மடித்து முடிக்கவே 20 நிமிடத்துக்கு மேல் ஆனதாம். ஏறக்குறைய 40 டிகிரி கோணத்தில் வீசினால் அதிக தூரம் போகும் என்பதையும் கணக்குப் போட்டுப் பார்த்தே கண்டுபிடித்தார்கள்.

ஆக, எந்த வழி சிறந்தது என்ற சண்டை இன்னும் முடிந்தபாடில்லை. என்னைக் கேட்டால், வீட்டுக் கூடத்தில் பிள்ளைகளோடு விளையாட மிதக்கும் வகைதான் நல்லது. வேக வகைக்கு இடமும் வேண்டும், தோள் பலமும் வேண்டும். கூர்மையான மூக்கு முகத்தில் பட்டால் வலிக்கும், அதையும் மறக்க வேண்டாம்.

*உங்கள் விமானத்தைச் சரிசெய்வது எப்படி?*

புதிதாக மடிப்பதற்கு முன் இருப்பதைத் திருத்திப் பாருங்கள்.

தலைகுப்புற விழுகிறதா? இரண்டு இறக்கைகளின் பின் விளிம்பையும் விரலால் மேல்நோக்கி லேசாக வளைத்துவிடுங்கள். ஓரிரு மில்லிமீட்டர் போதும், அவ்வளவுதான். மேலே ஏறி, நின்று, பொத்தென்று விழுந்தால் அதற்கு நேர்மாறாகச் செய்யுங்கள். இடப்பக்கம் திரும்பிக்கொண்டே போனால், வலது இறக்கையின் பின் விளிம்பை மட்டும் கொஞ்சம் மேலே தூக்குங்கள்.

பலர் கோட்டைவிடுவது இறக்கையின் சாய்வில்தான். கையில் பிடித்திருக்கும்போது தட்டையாகத் தெரியும் இறக்கை, விட்டதும் உடல் பகுதி விரிந்து கீழே தொங்கிவிடும். முன்னால் இருந்து பார்த்தால் இறக்கைகள் அகலமான 'வி' போல மேல்நோக்கி இருக்க வேண்டும். அப்போதுதான் ஒரு பக்கம் சாய்ந்தாலும் விமானம் தானாக நிமிரும்.

*எந்தத் தாள் நல்லது?*

உலகச் சாதனை விதிப்படி ஏ4 தாளின் கனம் சதுர மீட்டருக்கு 100 கிராமைத் தாண்டக் கூடாது. நகல் எடுக்கும் 80 கிராம் தாள் பழகுவதற்குப் போதும். அப்படியொரு தாளின் எடை 5 கிராம்தான்.

நம் ஊரில் உண்மையான எதிரி காற்றின் ஈரப்பதம். தாள் ஈரத்தை உறிஞ்சித் துவண்டுவிடும், மடிப்பும் நிற்காது. நகத்தாலோ ரூலராலோ ஒவ்வொரு மடிப்பையும் அழுத்தித் தேயுங்கள். திறந்து பல நாளான கட்டிலிருந்து எடுத்த தாளைப் பழகுவதற்கு வைத்துக்கொண்டு, பள்ளிப் போட்டி என்றால் அன்றைக்குப் புதுக் கட்டைப் பிரியுங்கள்.