ஒரு சொல், ஒரு பொருள்: விமான நிலையத் தரைப் போக்குவரத்தின் வரலாறு

விமானம் வானில் இருக்கும்போதே இடர் மிகுதி என்பது பொதுவாக நிலவும் எண்ணம். ஆயினும், விமானப் போக்குவரத்து வரலாற்றில் மிகுதியான உயிர்களைப் பறித்த விபத்து ஓடுபாதையில் இரு விமானங்கள் மோதியதால் நேர்ந்தது. நெரிசல் மிக்க விமான நிலையத்தின் தரையில் விமானங்களை எவ்வாறு ஒழுங்குபடுத்தினர் என்பதை இங்கு ஆராய்வோம். அவ்வரலாற்றில் பொறிகளின் பங்கு பெரிது. சொற்களின் பங்கு அதற்கும் முந்தியது.

ஜொகூரில் வாழும் நமக்கு இஃது அயலார் செய்தியன்று. செனாய் விமான நிலையம் 1974ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. நீரிணைக்கு அப்பால் சாங்கி விமான நிலையம் 1981இல் இயங்கத் தொடங்கியது. தென் ஜொகூரின் வான்வெளியில் விமானங்களை வழிநடத்தும் பொறுப்பு, 1974இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி சிங்கப்பூரிடம் ஒப்படைக்கப்பட்டது. இரு நாட்டுக் கட்டுப்பாட்டாளர்களும் ஒரே சொல்லை ஒரே பொருளில் ஆள வேண்டிய இடம் நம் தலைக்கு மேலேயே உள்ளது.

உலகின் முதல் கட்டுப்பாட்டுக் கோபுரம் 1920இல் இலண்டனை அடுத்த குரோய்டனில் எழுந்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1929இல் ஆர்ச்சி லீக் என்பவர், குடையும் நாற்காலியும் ஏற்றிய கைவண்டியுடன் ஓடுபாதையின் ஓரம் நின்று பணியாற்றினார். அவரிடம் இரு கொடிகள் இருந்தன. கட்டமிட்ட கொடி ‘செல்க’ என்றது. சிவப்புக் கொடி ‘நில்’ என்றது. இரு குறிகள், இரு பொருள்கள், மயக்கத்திற்கு இடமில்லை.

வானொலி வந்தபின் கொடியின் இடத்தைச் சொல் பிடித்தது. சொல்லுடன் மயக்கமும் வந்தது. 1977 மார்ச் 27 அன்று, ஸ்பெயினுக்கு உரிய தெனெரீஃப் தீவின் விமான நிலையத்தில், வேறிடத்திலிருந்து திருப்பிவிடப்பட்ட விமானங்கள் இணைப்புப் பாதையை அடைத்து நின்றன. அதனால் விமானங்கள் ஓடுபாதையின் மீதே ஊர்ந்து செல்ல நேர்ந்தது. மூடுபனி கண்ணை மறைத்தது. கேஎல்எம் விமானி ‘டேக் ஆஃப்’ நிலையில் இருப்பதாகக் கூறினார். கிளம்புவதற்குரிய இடத்தில் நிற்பதாகக் கட்டுப்பாட்டாளர் பொருள்கொண்டார். விமானமோ ஓடத் தொடங்கியிருந்தது. டச்சு மொழியின் வினையமைப்பு அவ்விமானியின் ஆங்கிலத்தில் கலந்தது என மொழியியலார் சிலர் கருதுவர். ‘காத்திருங்கள்’ என்ற மறுமொழி, பான் ஆம் விமானத்தின் குரலோடு ஒரே நேரத்தில் ஒலித்ததால் இரைச்சலில் கலந்து சிதைந்தது. 583 பேர் மாண்டனர். இதன்பின் ‘டேக் ஆஃப்’ என்னும் சொல், கிளம்ப அனுமதி அளிக்கும்போதும் அவ்வனுமதியை நீக்கும்போதும் மட்டுமே ஒலிக்க வேண்டும் என விதிக்கப்பட்டது. பிற இடங்களில் ‘டிபார்ச்சர்’ என்பதே வழங்குகிறது.

அத்தகைய மயக்கம் நம் நாட்டிலும் உயிர் பறித்தது. 1989 பிப்ரவரி 19 அன்று சிங்கப்பூரிலிருந்து சுபாங் நோக்கி வந்த சரக்கு விமானத்திற்கு, 2,400 அடிக்கு இறங்குமாறு ‘டூ ஃபோர் ஜீரோ ஜீரோ’ என்று கூறப்பட்டது. முதற்சொல்லாகிய ‘டூ’, ‘இரண்டு’ என்னும் எண்ணாகவும் ‘வரை’ என்னும் உருபாகவும் ஒலிக்க வல்லது. விமானிகள் 400 அடி எனக் கொண்டு, ‘ஃபோர் ஜீரோ ஜீரோ’ என்றே திருப்பிக் கூறினர். அது திருத்தப்படவில்லை. விமானம் குன்றில் மோத, அதிலிருந்த நால்வரும் இறந்தனர்.

ஒரு தொடர் இரு பொருள் தருவதை நாம் சிலேடை என்கிறோம். காளமேகப் புலவரின் பாடல்களில் அதனைச் சுவைக்கிறோம். பாட்டில் அணியாகும் அதுவே ஓடுபாதையில் கொலைக்கருவியாகிறது.

சொல் பிழையற்றதாக இருப்பினும் அது மட்டுமே போதாது என்பதையும் வரலாறு காட்டுகிறது. 2000 அக்டோபர் 31 இரவு, தைப்பேயில் புயல்மழையின் நடுவே, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானிகள் இடப்புற ஓடுபாதைக்கான ஆணையைச் சரியாகவே திருப்பிக் கூறினர். ஆயினும் கட்டுமானப் பணிக்காக மூடப்பட்டிருந்த வலப்புற ஓடுபாதையில் விமானத்தைச் செலுத்தினர். 179 பேரில் 83 பேர் உயிரிழந்தனர். தரையில் ஊரும் விமானங்களைக் காட்டும் ரேடார் அங்கு இல்லை. தரை ரேடாரும், ‘பச்சை விளக்கைப் பின்தொடர்க’ என்னும் முறையில் விமானத்தின் முன்னே வழியைக் காட்டும் விளக்கு வரிசையும் எத்துணை இன்றியமையாதவை என்பதை இவ்விபத்து உணர்த்துகிறது.

இவற்றோடு ஒப்புருவாக்கமும் சேர்ந்தது. பாதைகளைக் கோடுகளாகவும் சந்திகளைப் புள்ளிகளாகவும் கணினியில் அமைத்து, ஒரு சந்தியில் ஒரு நேரத்தில் ஒரு விமானமே என விதித்து, ஒரு நாளின் போக்குவரத்தைப் பன்முறை ஓட்டிப் பார்ப்பதே அதன் சாரம். ஓடுபாதையின் கொள்ளளவை நெருங்க நெருங்கக் காத்திருக்கும் நேரம் மிக விரைந்து பெருகும் என்பது இத்தகைய கணக்கீடுகள் தரும் பாடம். ஆகவே, இயந்திரத்தை முடுக்கிவிட்டு ஓடுபாதையருகே வரிசையில் நிற்பதைவிட, நிறுத்துமிடத்திலேயே சற்றுப் பொறுத்துப் புறப்படுவது எரிபொருளைக் காக்கும். 2010இல் பாஸ்டன் விமான நிலையத்தில் எம்ஐடி ஆய்வாளர்கள் இம்முறையைச் செயலில் சோதித்தனர். கட்டுப்பாட்டாளரையே அமர்த்திப் பயிற்றும் முழுக் கோபுர ஒப்புருவை நாசா 1999இல் கலிபோர்னியாவில் அமைத்தது.

இத்தனை வளர்ச்சிக்குப் பின்னும் சொல்லின் பொறுப்பு குறையவில்லை. 2024 சனவரி 2 அன்று தோக்கியோவின் ஹனேடாவில், புறப்படும் வரிசையில் ‘நம்பர் ஒன்’ எனக் கூறப்பட்ட கடலோரக் காவற்படை விமானம், அனுமதி கிடைத்துவிட்டதாகக் கருதி ஓடுபாதையில் நுழைந்தது. தரையிறங்கிய பயணிகள் விமானம் அதன்மீது மோதியது. பயணிகள் விமானத்தில் இருந்த 379 பேரும் வெளியேறித் தப்பினர். காவற்படையினர் ஐவர் இறந்தனர். ஜப்பான் அவ்வரிசைச் சொல்லைச் சில காலம் நிறுத்திவைத்தது.

ஆணையைக் கேட்டவர் திருப்பிக் கூறுதல், கூறியவர் அதனைச் செவிமடுத்துத் திருத்துதல் என்னும் இரண்டும் வகுப்பறைக்குப் பழகியவையே. பள்ளி வாயிலிலிருந்து நூலகம் வரையிலான வழியை ஒரு மாணவர் சொல்ல, மற்றவர் திருப்பிச் சொல்லி நடந்து பார்க்கட்டும். எந்தச் சொல் வழி தவறச் செய்தது என்பதை இருவரும் கண்டறியட்டும். துல்லியமாகப் பேசுதலும் கருத்தூன்றிக் கேட்டலும் மொழிக்கல்வியின் கடமைகள். அவற்றைப் பழகிய மாணவர் நாளை எக்கோபுரத்தில் அமர்ந்தாலும் பிறர் உயிரைக் காப்பர்.