ஒரு பெயர், இரு தொழில்கள்: ஆஸ்டியோபதிக் கல்வி வளர்ந்த வரலாறு

எலும்பு முறிந்தாலும் மூட்டுப் பிசகினாலும் நம் முன்னோர் முதலில் நாடியது கட்டுப் போடும் வைத்தியரையே. ஆந்திர நாட்டுப் புத்தூர்க் கட்டின் பெயரைக் கேள்வியுறாத தமிழர் மிகச் சிலரே ஆவர். இக்கைவைத்தியம் தந்தையிடமிருந்து மகனுக்கு வருவது. இதற்குக் கல்லூரியும் இல்லை, பட்டமும் இல்லை. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இவ்வாறே எலும்பு பொருத்துவோர் பலர் இருந்தனர். அவ்வகைக் கைவைத்தியத்தோடு உறவுடைய முறையொன்று பல்கலைக்கழகத்திற்குள் புகுந்து, பட்டமும் சட்டமும் பெற்ற வரலாறு சுவையானது. பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிப் படிக்கவைக்க எண்ணும் பெற்றோர்க்கு அது பயனுடையதும் ஆகும்.

அம்முறையின் பெயர் ஆஸ்டியோபதி. கிரேக்க மொழியில் எலும்பைக் குறிக்கும் சொல்லும் துன்பத்தைக் குறிக்கும் சொல்லும் சேர்ந்து பிறந்த பெயர் அது. மொழிபெயர்ப்புத் தொழில் செய்வோர் இச்சொல்லிடத்தில் சற்றுத் தயங்கி நிற்க நேர்கிறது. ‘என்பு மருத்துவம்’ என்றால் எலும்பு முறிவுக்குரிய அறுவை மருத்துவத்துடன் அது மயங்கிவிடும். அதனினும் பெரிய இடர்ப்பாடு ஒன்றுண்டு. அமெரிக்காவில் ஆஸ்டியோபதிப் பட்டம் பெற்றவர் முழுமையான டாக்டர். மருந்து எழுதுவார், அறுவை செய்வார். இங்கிலாந்தில் அதே பெயருடைய கல்வியை முடித்தவர் டாக்டர் அல்லர். கையாலே சிகிச்சை செய்யும் தனித் தொழிலர். ஒரு தாயின் இரு மக்கள் இவ்வாறு வெவ்வேறு வழி சென்றது எங்ஙனம்?

இம்முறையைத் தோற்றுவித்தவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்பவர். அவர் 1828-ஆம் ஆண்டு வர்ஜீனியா மாநிலத்தில் பிறந்தார். தந்தை மெதடிஸ்ட் சபைப் போதகர், வைத்தியமும் பார்த்தவர். ஸ்டில் வைத்தியத்தைப் பெரும்பாலும் தந்தையிடமே பயின்றார். சிறுவனாயிருந்தபோது ஒருநாள் தலைவலி தாங்காமல், இரு மரங்களுக்கிடையே ஏர்க்கயிற்றைத் தாழக் கட்டி, அதன்மேல் போர்வையை மடித்திட்டுக் கழுத்தைச் சாய்த்துப் படுத்ததாகவும், உறங்கி எழுந்தபோது வலி நீங்கியிருந்ததாகவும் தம் சுயசரிதையில் அவர் எழுதியிருக்கிறார்.

அந்நாளைய அமெரிக்க வைத்தியத்தில் பாதரசக் கலவையும், அபினும், பேதி மருந்தும், குருதி வடித்தலும் மிகுந்திருந்தன. 1864-ஆம் ஆண்டில் மூளையுறைக் காய்ச்சல் ஸ்டிலின் இல்லத்தில் புகுந்தது. மூன்று குழந்தைகள் இறந்தனர். வைத்தியரான தந்தை அருகிலிருந்தார், வேறு வைத்தியர்களும் வந்தனர், மருந்துகள் கொடுக்கப்பட்டன, ஒன்றும் பயன்படவில்லை. அத்துயரமே அவரை மருந்துகளின்மேல் நம்பிக்கையிழக்கச் செய்தது எனலாம். அதன் பின்னர் அவர் உடலமைப்பை, சிறப்பாக எலும்புகளை, இடைவிடாது ஆராயலானார். தொல்குடி அமெரிக்கரின் கல்லறைகளைத் தோண்டி எலும்பு எடுத்தும் கற்றார் என்பதை மறைப்பதற்கில்லை. இன்றைய அறவுணர்ச்சி அச்செயலை ஏற்காது.

நோயை ஆற்றும் ஆற்றல் உடலுக்குள்ளேயே உள்ளது. எலும்பும் தசையும் நிலைபிறழ்ந்தால் குருதியோட்டம் தடைப்படும். தடையைக் கையால் நீக்கினால் உடல் தானே நலம்பெறும் என்பது ஸ்டிலின் கொள்கை. 1874-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாளைத் தம் முறை பிறந்த நாளாக அவர் குறித்தார். கன்சாஸ் மாநிலத்துப் பேக்கர் பல்கலைக்கழகத்தில் அதனை எடுத்துரைக்க விரும்பினார். அப்பல்கலைக்கழகம் அமைவதற்கு நிலம் கொடுத்து உதவியவர்களுள் அவர் குடும்பத்தாரும் உண்டு. ஆயினும் அவருக்கு அங்கே இடம் மறுக்கப்பட்டது.

மறுவருடம் மிசௌரி மாநிலத்துக் கர்க்ஸ்வில் என்னும் சிற்றூரில் குடியேறினார். ஊரூராய்ச் சென்று, ‘மின்னல் வேக எலும்பு வைத்தியர்’ என்று தம்மை விளம்பரம் செய்துகொண்டு பிழைத்தார். நாளடைவில் நோயாளிகள் புகைவண்டியேறி அவ்வூருக்கு வரலாயினர். 1892-இல், ஒரு சிறு மரக்கட்டிடத்தில் அமெரிக்க ஆஸ்டியோபதிப் பள்ளி தொடங்கப்பெற்றது. எடின்பரோவில் மருத்துவம் பயின்ற வில்லியம் ஸ்மித் உடற்கூற்றியல் கற்பித்தார். முதல் வகுப்பிலேயே பெண்களும் இடம்பெற்றனர். பல மருத்துவக் கல்லூரிகள் பெண்களுக்குக் கதவடைத்திருந்த காலம் அஃது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

1894-இல் பள்ளிக்குக் கிடைத்த திருத்தப்பட்ட உரிமைப் பத்திரம், எம்.டி. என்னும் வழக்கமான மருத்துவப் பட்டத்தையே வழங்க இடமளித்தது. ஸ்டில் அதனை வேண்டாமென்று, டி.ஓ. என்னும் தனிப்பட்டத்தையே வழங்கினார். பிற்கால வரலாறு முழுதும் இவ்வொரு முடிவிலிருந்தே கிளைத்தது. தனிப்பெயர் வேண்டுமா, பொது மதிப்பு வேண்டுமா என்ற கேள்வி அவருடைய மாணவர்களை ஏறத்தாழ நூறாண்டுக் காலம் விடவில்லை.

முதலில் சட்டப் போராட்டம் வந்தது. 1895-இல் மிசௌரி சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் நிராகரித்தார். 1896-இல் வெர்மாண்ட் மாநிலம் முதன்முதலாக இத்தொழிலுக்கு உரிமம் வழங்கும் சட்டம் செய்தது. 1897-இல் மிசௌரியும் பின்தொடர்ந்தது. அடுத்து வந்தது கல்வித் தரத்தின் சோதனை. 1910-இல் வெளியான ஆப்ரகாம் பிளெக்ஸ்னரின் அறிக்கை, அமெரிக்க மருத்துவப் பள்ளிகளையெல்லாம் ஆராய்ந்து பலவற்றின் குறைகளை அம்பலப்படுத்தியது. ஆஸ்டியோபதிப் பள்ளிகளும் அதன் கடுமைக்குத் தப்பவில்லை. ஸ்டில் 1917-இல் காலமானார். அவருக்குப்பின் அப்பள்ளிகள் ஆய்வுக்கூடங்களையும் மருத்துவமனைகளையும் பெருக்கின. ஆசான் வெறுத்தொதுக்கிய மருந்தியலையும் பாடமாக ஏற்றன. பெயரைக் காக்கும் பொருட்டுக் கொள்கையிற் பெரும்பகுதியை அவை விட்டுக்கொடுத்தன எனின் மிகையாகாது.

இரண்டாம் உலகப் போரில் டி.ஓ. பட்டத்தாரைப் படையில் மருத்துவ அதிகாரிகளாக அமர்த்தவில்லை. இழிவென்று தோன்றிய இது வேறொரு விதத்தில் நன்மையாயிற்று. மற்ற டாக்டர்கள் போர்முனை சென்றதால், ஊரில் தங்கிய இவர்களிடம் புதுக் குடும்பங்கள் சிகிச்சைக்கு வந்தன. 1962-இல் கலிபோர்னியாவில் வேறொரு சோதனை நேர்ந்தது. 65 டாலர் கட்டணம் செலுத்தி எம்.டி. பட்டம் பெற்றுக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டின்படி இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் தம் பழைய பட்டத்தைத் துறந்தனர். அம்மாநிலத்தில் புதிதாக டி.ஓ. உரிமம் வழங்குவதும் நின்றது. தொழில் அழிந்துவிடும் என்றே பலர் கருதினர். ஆனால் நிகழ்ந்தது வேறு. 1966-இல் படைத்துறை அவர்களை மருத்துவ அதிகாரிகளாக ஏற்றது. 1973-க்குள் 50 மாநிலங்களும் முழு உரிமை நல்கின. 1974-இல் கலிபோர்னியாவின் உச்சநீதிமன்றமே மீண்டும் உரிமம் வழங்கச் செய்தது. இன்று அமெரிக்காவில் மருத்துவம் பயிலும் மாணவருள் காற்பங்குக்கு மேற்பட்டோர் ஆஸ்டியோபதிக் கல்லூரிகளில் பயில்கின்றனர்.

இங்கிலாந்தின் கதை வேறு. கர்க்ஸ்வில்லில் பயின்று கற்பித்த ஸ்காட்லாந்துக்காரர் ஜான் மார்ட்டின் லிட்டில்ஜான் 1917-இல் லண்டனில் பிரிட்டிஷ் ஆஸ்டியோபதிப் பள்ளியை நிறுவினார். 1935-இல் பிரபுக்கள் சபைக் குழு இத்தொழிலுக்குச் சட்டம் செய்வது பற்றி விசாரித்தது. அவ்விசாரணையில் அப்பள்ளியின் தரம் கடுமையான கண்டனத்துக்குள்ளாகி, மசோதாவும் கைவிடப்பட்டது. அதன்பின் ஏறத்தாழ 60 ஆண்டுகள் தாமாக அமைத்துக்கொண்ட பதிவேட்டையே அவர்கள் நம்பியிருந்தனர். 1993-இல்தான் ஆஸ்டியோபதிச் சட்டம் நிறைவேறியது. பதிவு பெறாதோர் அப்பெயரைச் சூட்டிக்கொள்வது இப்போது அங்கே குற்றம். லிட்டில்ஜானின் பள்ளி 2017-இல் பல்கலைக்கழகக் கல்லூரி என்னும் தகுதியை எய்தியது.

இனி, கல்விமுறையைக் காண்போம். அமெரிக்காவில் முதலில் இளநிலைப் பட்டம். அதன்பின் மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வு. பின்னர் நான்காண்டு டி.ஓ. படிப்பு, அதற்குமேல் துறைக்கேற்ப மூன்று முதல் ஏழாண்டு மருத்துவமனைப் பயிற்சி. 2020-இல் இப்பயிற்சி எம்.டி., டி.ஓ. இருசாரார்க்கும் ஒரே அமைப்பின்கீழ் வந்துவிட்டது. இங்கிலாந்திலோ பள்ளிப் படிப்பு முடிந்தவுடனே சேரலாம். முழுநேரக் கல்வி பெரும்பாலும் நான்காண்டு. உடற்கூறு, உடலியங்கியல், நோயறிதல் ஆகியவற்றோடு, ஆசிரியர் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்க்கும் பயிற்சியும் உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 2010-இல் வெளியிட்ட அளவுகோல், புதிதாகத் தொடங்குவோர்க்கு 4,200 மணி நேரக் கல்வி வேண்டுமென்றும், அதில் 1,000 மணி மேற்பார்வைப் பயிற்சியாதல் வேண்டுமென்றும் கூறுகிறது. பட்டம் பெற்றோர் பெரும்பாலும் மாதச் சம்பளத்தில் அமர்வதில்லை. தாமே சிகிச்சையகம் நடத்துகின்றனர். ஆகவே கைத்திறத்தோடு நோயாளியின் நம்பிக்கையைத் தேடிக்கொள்ளும் பொறுமையும் அவர்களுக்கு வேண்டும்.

இம்முறை பயனுடையதா எனின், அளவோடு விடை கூறல் வேண்டும். எல்லா நோயும் எலும்பின் பிறழ்ச்சியால் வருவன என்னும் ஸ்டிலின் கருத்தை விஞ்ஞானம் ஏற்கவில்லை. இடுப்புவலி போன்ற சிலவற்றில் பயன் காணப்படுகிறது. 1999-இல் அமெரிக்காவில் 155 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வொன்றில், வழக்கமான சிகிச்சை பெற்றோரும் கைச்சிகிச்சை பெற்றோரும் 12 வாரத்தில் ஏறத்தாழ ஒரே அளவு குணமடைந்தனர். கைச்சிகிச்சை பெற்றவர்களுக்கு மருந்து குறைவாகவே தேவைப்பட்டது. அமெரிக்க டி.ஓ. டாக்டர்களுட் பலர் இன்று கைச்சிகிச்சையை அரிதாகவே கையாளுகின்றனர் என்பதும் உண்மை.

தில்லியிலோ மும்பையிலோ வாழும் நம்மவர் ஒருவர், மகளோ மகனோ இப்படிப்புக்கு விரும்புவதாகச் சொன்னால், ஊரிலுள்ள நிலத்தை விற்றுப் பணம் திரட்டுமுன் ஒரு கேள்வியைக் கேட்டுத் தெளிதல் நலம். படித்த நாட்டுச் சட்டம் இப்பட்டத்தாருக்கு என்ன உரிமை தருகிறது, தொழில் செய்யப்போகும் நாடு அதனை எவ்வாறு மதிக்கிறது என்பதே அக்கேள்வி. லண்டனில் பெற்ற பட்டத்தோடு நியூயார்க் சென்று டாக்டராக அமர இயலாது. டாக்டராகலாம் என்று நம்பி நான்காண்டைச் செலவிட்டபின் இவ்வேறுபாட்டை அறியும் பிள்ளையின் மனம் என்ன பாடுபடும்! இதற்கு மாறாக, கைச்சிகிச்சையையே விரும்பி, அதன் எல்லையையும் அறிந்து செல்பவருக்கு இது கண்ணியமான தொழில்.

பெயரை விட்டுவிட்டால் மதிப்புக் கிடைக்கும் என்ற நிலையில் ஸ்டில் பெயரைப் பற்றிக்கொண்டார். அவர் எண்ணியிராத மருந்துகளும் அறுவைக் கருவிகளும் அப்பெயரின்கீழ் வந்து சேர்ந்தன. அதனால் பிள்ளையைப் படிக்க அனுப்புவோர் பட்டத்தின் பெயரை மட்டும் கேட்டு அமையாது, அதன் பின்னுள்ள கல்வியையும் சட்டத்தையும் சேர்த்தே விசாரித்தல் வேண்டும்.