பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

வேலை பார்க்குற இடத்துல எனக்கு தினமும் பி.டி.100 கூடத்தான் பொழப்பு. புகைக்கிற பீடி இல்லீங்க, வெப்பநிலை பார்க்குற உணரி. ஒரு சின்ன எஃகுக் குழாய், உள்ளே பிளாட்டினம். 0 டிகிரி செல்சியஸில் 100 ஓம் மின்தடை, 100 டிகிரியில் சுமார் 138.5 ஓம். மின்தடையை அளந்தா சூடு தெரிஞ்சுடும், அவ்ளோதான். இந்த சாதுவான பிளாட்டினத்துக்கு ஒரு காலத்துல நம்பத்தகாததுன்னு கெட்ட பேர் இருந்துச்சு மக்களே!

ஆரம்பிச்சு வெச்சவர் வில்லியம் சீமன்ஸ். ஜெர்மனியில பிறந்து இங்கிலாந்துல குடியேறின பொறியாளர். (ஆமா, சீமன்ஸ் கம்பெனி வெர்னரோட தம்பிதான்.) 1860 வாக்கில் ரங்கூன் - சிங்கப்பூர் தந்திக்காகச் செஞ்ச கடலடிக் கேபிள், சுருட்டி வெச்ச இடத்துல தானாவே சூடாகுதோன்னு சந்தேகம். சூடானா உள்ளே செம்புக்கம்பி மேல இருக்குற கட்டாபெர்ச்சாங்கற மரப்பால் உறை இளகிடும், கேபிள் காலி. அத்தனை பெரிய சுருளுக்கு நடுவுல தெர்மாமீட்டரை வெச்சா யார் போய்ப் படிக்கறது? சீமன்ஸ் சின்னக் கம்பிச்சுருள்களை உள்ளே செருகி, வெளியே உட்கார்ந்தபடி மின்தடையை அளந்தார். சந்தேகம் சரிதான்னு தெரிஞ்சுது.

அடுத்து உலைகள். 1871-ல் லண்டன் ராயல் சொசைட்டி உரையில், இதுக்கு பிளாட்டினம்தான் தோதுன்னார். லேசில் உருகாது, துருப்பிடிக்காது. சுட்ட களிமண் உருளையில் கம்பியைச் சுத்தி, இரும்புக் குழாய்க்குள்ளே வெச்சு கருவியும் செஞ்சார். பிரிட்டிஷ் அசோசியேஷன் குழு ஒண்ணு அதை சோதிச்சுப் பார்த்து 1874-ல் அறிக்கை குடுத்துச்சு. உலையில காய்ச்சி எடுத்தப்புறம் பழைய மின்தடை திரும்ப வரலையாம்! தினம் ஒரு விரக்கடை வளருற கஜக்கோலை வெச்சுக்கிட்டு எந்த ஜவுளிக்கடைக்காரர் துணி அளப்பார்? கருவி மேல இருந்த நம்பிக்கை போச்சு. 1883-ல் சீமன்ஸும் காலமாயிட்டார்.

1886-ல் கேம்பிரிட்ஜ் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்துல ஹியூ கேலண்டர்னு ஒரு இளைஞர் இந்த வழக்கை மறுபடி எடுத்தார். கிரேக்கம், லத்தீன், கணிதம் படிச்சவர். இயற்பியல் ஆய்வுக்குப் புதுசு. ஜே.ஜே.தாம்சன் வழிகாட்டினார். விசாரிச்சா, பிளாட்டினம் நிரபராதி! கூட இருந்த களிமண்ணும், இரும்புக் குழாய்க்குள்ளே சூட்டுல கிளம்பின ஆவிகளும்தான் கம்பியைக் கெடுத்திருக்கு. சுத்தமான கம்பியை இழுவிசை படாம, அழுக்கு அண்டாம வெச்சா, எத்தனை தடவை காய்ச்சினாலும் பழைய மின்தடைக்கே திரும்பிச்சு. 1887-ல் அவர் கட்டுரை வந்துச்சு. பின்னாடி களிமண்ணுக்கு பதிலா மைக்கா தகட்டுல கம்பி சுத்தினாங்க.

1927-ல் சர்வதேச வெப்பநிலை அளவீட்டுல -190 டிகிரியிலிருந்து 660 டிகிரி வரைக்கும் பிளாட்டினத்தையே நியாயஸ்தனா உட்கார வெச்சாங்க. 1990 அளவீட்டுல அது 961.78 டிகிரி வரைக்கும் போயிடுச்சு.

போன மழைக்காலத்துல எங்க கொதிகலன் உணரி ஒண்ணு சூட்டைக் குறைச்சுக் காட்டுச்சு. உணரி போச்சுன்னு கழட்டி வீசப் போனாங்க. திறந்து பார்த்தா, இணைப்புப் பெட்டிக்குள்ளே தண்ணி. துடைச்சுக் காயவெச்சோம். இன்னும் ஓடிக்கிட்டிருக்கு.