சுவரைச் சுரண்டுவதற்கு முன்னால்...

 

கும்பாபிஷேகத்துக்கு மண்டபச் சுவரைச் சுரண்டிட்டு புது பெயிண்ட் அடிக்கணும்னு போன ஞாயிறு கூட்டத்தில் பேச்சு வந்தது. அந்தச் சுவரில்தான் சுந்தரர் கல்யாணக் காட்சி இருக்கு. அந்தக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஓவியர் கையால் வரைந்தது. பாதி உப்புப் பூத்து உதிர்ந்து போச்சு, உண்மைதான். முடிவு எடுக்கிறதுக்கு முன்னாடி தஞ்சாவூர் விஷயம் ஒன்றை எல்லாரும் தெரிஞ்சிக்கணும்.

தஞ்சைப் பெரிய கோயிலை ராஜராஜ சோழன் 1010-இல் கட்டி முடித்தார். கருவறையைச் சுற்றி ஒரு குறுகலான உள்நடை உண்டு. 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ்.கே. கோவிந்தசாமி அங்கே போய்ப் பார்த்தார். மேலே இருந்தது நாயக்கர் காலத்து ஓவியம். அது உதிர்ந்த இடத்தில் அடியில் இன்னொரு ஓவியம், சோழர் காலத்தது!

அதிலும் நம்ம சுந்தரர்தான். ஈசன் கிழவர் வேஷத்தில் ஓலையோடு வந்து கல்யாணத்தை நிறுத்துகிறார். இன்னொரு பக்கம் சுந்தரர் வெள்ளை யானையிலும் சேரமான் பெருமாள் குதிரையிலும் கயிலைக்குப் போகிறார்கள். சேக்கிழார் பெரியபுராணம் பாடியதே 12-ஆம் நூற்றாண்டில். அதுக்கு நூறு வருஷம் முந்தியே சுவரில் இந்தக் கதை வந்துடுச்சு.

எப்படி நின்னது? சுண்ணாம்புப் பூச்சு ஈரமா இருக்கும்போதே காவி, மஞ்சள் மண், கரி என்று வண்ணம் வைத்தார்கள். காயும்போது சுண்ணாம்பே வண்ணத்தைப் பிடிச்சிக்கும். எங்க ஃபேக்டரியில் பெயிண்ட் உரிஞ்சா முதல்ல அடியில் ஈரம் இருக்கான்னுதான் பார்ப்போம். ஈரச் சுவரில் பளபளன்னு எனாமல் அடிச்சா உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போக வழியில்லாம கொப்புளம்தான் வரும்.

நாயக்கர் கால ஓவியர்கள் பழசின் மேலேயே புதுப் பூச்சு பூசி வரைந்தார்கள். அதனால அடியில் இருந்தது தப்பிச்சது. பிறகு தொல்லியல் துறை பல இடங்களில் மேல் ஓவியத்தைப் பக்குவமாகப் பெயர்த்தெடுத்து, அதையும் தனியாகப் பாதுகாத்தார்கள்.

நாங்க என்ன செய்தோம்? போன திருப்பணியில் முருகன் சந்நிதிப் பக்கம் இருந்த சூரசம்ஹாரப் படத்தைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சது நாங்களேதான். வேற யாரையும் குறை சொல்ல முடியாது. ஒரு போட்டோகூட எடுக்கல. புதுப்படம் அழகாத்தான் இருக்கு. ஆனா "பழைய மயில் எங்கப்பா?"ன்னு ஒரு பாட்டி ஒவ்வொரு கிருத்திகைக்கும் கேட்கிறாங்க. பதில் சொல்ல முடியல.

அதனால நிர்வாகத்திடம் கேட்டிருக்கோம்: முதலில் கூரை ஒழுகலைச் சரி செய்வோம், சுவர் காயட்டும். ஓவியம் தெரிஞ்சவரைக் கூட்டி வந்து காட்டுவோம். அதுவரைக்கும் யாரும் பிரஷ் எடுக்க வேணாம்.

ஒரு உதவி வேணும். நம்ம மண்டபத்தில் கல்யாணம் செய்தவங்க வீட்டு ஆல்பத்தை எடுத்துப் பாருங்க. மாப்பிள்ளை பொண்ணுக்குப் பின்னால அந்தச் சுவர் தெரியும். எவ்வளவு மங்கலா இருந்தாலும் பரவாயில்லை, ஞாயிறு காலை பூஜைக்கு வரும்போது கொண்டு வாங்க. பார்த்துட்டு அங்கேயே திருப்பிக் கொடுத்துடுவோம்.