வாழ்க்கை நிறைவை அளக்கும் சிறு வினாப்பட்டியல்

ஒருவருடைய எடையையும் வருமானத்தையும் மற்றவர்கள் அளந்து சொல்லலாம். தன் வாழ்க்கை தனக்கு நிறைவாக இருக்கிறதா என்பதை அவரேதான் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்வதை எண்ணாக்கும் முயற்சிக்கு அறுபது ஆண்டு வரலாறு உண்டு.

அமெரிக்க உளவியலாளர் ஹாட்லி கேன்ட்ரில் 1965இல் வெளியிட்ட ஆய்வில் ஓர் ஏணிப் படத்தைப் பயன்படுத்தினார். உச்சிப்படி 10, உங்களுக்கு வாய்க்கக்கூடிய மிகச் சிறந்த வாழ்க்கை. அடிப்படி 0, மிக மோசமானது. இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்? அவர் ஆராய்ந்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 2012 முதல் வரும் உலக மகிழ்ச்சி அறிக்கையின் தரவரிசை இந்த ஏணியை வைத்தே அமைகிறது. பெயரில் மகிழ்ச்சி இருந்தாலும் வரிசைக்காகக் கேட்கப்படுவது மகிழ்ச்சி அன்று, வாழ்க்கை பற்றிய மதிப்பீடு. மாணவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

1985இல் எட் டீனரும் மூன்று ஆய்வாளர்களும் 48 கூற்றுகளில் தொடங்கி ஐந்தை மட்டும் நிறுத்திக்கொண்டனர். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 5க்கும் 35க்கும் இடையில் வரும். 20 நடுநிலை. வேலை, குடும்பம், உடல்நலம் என்று தனித்தனியாகக் கேட்பதில்லை. எதற்கு எவ்வளவு இடம் என்பதைப் பதில் சொல்பவரே முடிவு செய்துகொள்கிறார். இந்த அளவுகோலின் சிறப்பு அதுதான் என்பது என் கருத்து.

தமிழுக்கும் இத்துறைக்கும் நெருங்கிய தொடர்பு சென்னையில் ஏற்பட்டது. உலக சுகாதார நிறுவனம் 1991இல் வாழ்க்கைத் தரத்தை அளக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. இது வாழ்க்கை நிறைவுக்கு நெருங்கிய உறவு, அதுவே அன்று. உலகெங்கும் 15 மையங்கள் அமைந்தன. இந்தியாவில் டெல்லி, சென்னை என இரண்டு. ஆங்கிலத்தில் எழுதி முடித்துவிட்டுப் பிறகு மொழிபெயர்ப்பது வழக்கம். இங்கு முறை வேறு: நோயாளிகள், நலமாக இருப்போர், மருத்துவப் பணியாளர் ஆகியோர் வாழ்க்கையில் எது முக்கியம் என்று அந்தந்த ஊரிலேயே கலந்து பேசினர், அதிலிருந்து கேள்விகள் பிறந்தன. 236 கேள்விகளைச் சோதித்துப் பார்த்து நூறாகக் குறைத்தனர். பின்னர் 26 கேள்விகள் கொண்ட சுருக்கமும் வந்தது.

இம்முறையின் அருமை, டீனரின் ஐந்தாவது கூற்றைத் தமிழில் சொல்லிப் பார்த்தால் புரியும். வாழ்க்கையை மீண்டும் வாழ நேர்ந்தால் எதையும் பெரிதாக மாற்றமாட்டேன் என்பது அதன் சாரம். இதைக் கேட்கும் நம் ஊர்ப் பாட்டி அடுத்த பிறவியைப் பற்றிக் கேட்பதாக நினைத்துக்கொள்ளலாம். பதில் வரும், வேறு கேள்விக்கான பதிலாக இருக்கும்.

2001இல் கொல்கத்தா ஆய்வு ஒன்று வெளியானது. ராபர்ட் பிஸ்வாஸ்-டீனரும் எட் டீனரும் சேரிவாசிகள், நடைபாதையில் வாழ்வோர், பாலியல் தொழிலாளர் என 83 பேரிடம் விசாரித்தனர். அவர்களின் நிறைவு ஒப்பீட்டுக் குழுவைவிடக் குறைவு. ஆனால் எதிர்பார்த்த அளவு தாழ்ந்திருக்கவில்லை. குடும்ப உறவுகள் அவர்களுக்குப் பெரிய பற்றுக்கோடாக இருந்தன. இதைப் படித்துவிட்டு, ஏழைகள் நிறைவாகத்தானே இருக்கிறார்கள், குழாயும் கழிப்பறையும் எதற்கு என்று யாரேனும் கேட்டால் அது ஆய்வின் குற்றம் அன்று.

இந்தியாவில் 2017–18இல் நடந்த முதியோர் நெடுங்கால ஆய்வு 45 வயதும் அதற்கு மேலும் ஆனோரும் அவர்களின் வாழ்க்கைத் துணைவர்களுமாக 72,000க்கும் அதிகமானோரைச் சந்தித்தது. டீனரின் ஐந்து கூற்றுகளும் அதில் இடம்பெற்றன. கணக்கெடுப்பவர் வீட்டுக்கு வந்து கேட்டுப் பதிவு செய்யும் ஆய்வு அது. சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டும் பெரியவர் ஒருவரிடம் வாழ்க்கை எப்படி என்று கேட்டால், “ஏதோ ஓடுது” என்பார். ஏழு எண்களில் அதற்கு உரியது எது என்பது, கணக்கெடுப்பவர் அவரிடம் இன்னொரு முறை பொறுமையாகக் கேட்பதைப் பொறுத்தது.