பிரெஞ்சுப் புரட்சியும் புதுச்சேரி நயினாரும்

பிரெஞ்சுப் புரட்சியின்போது மன்னர் பக்கம் நின்ற நீதி அலுவலர் பலர் பெருந்துன்பத்திற்கு உள்ளாயினர். ‘பார்லமா’ எனப்பட்ட உயர்நீதி மன்றங்கள் 1790இல் ஒழிக்கப்பட்டன. பதினாறாம் லூயிக்காக வாதாடிய மூத்த நடுவர் மால்செர்ப் 1794 ஏப்ரலில் தலைவெட்டிக்கு இரையானார். அதே மன்னரின் ஆட்சியில் புதுச்சேரியில் பதவி வகித்த தமிழ் அலுவலர் ஒருவரின் நிலையை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புதுச்சேரியில் உள்ளூர்க் காவலுக்குத் தலைமை தாங்கியவர் நயினார் எனப்பட்டார். தமிழரிடையே அமைதி காத்தல், குற்றவாளிகளைப் பிடித்தல் முதலியன அவர்தம் கடமைகள். வழக்குகளைச் சாவடி மன்றம் விசாரித்தது. இப்பதவி வகித்த குடும்பத்தவரான இரண்டாம் வீராநாயக்கர் 1778 முதல் 1792 வரை நாட்குறிப்பு எழுதினார். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைத் தொடர்ந்து தோன்றிய தமிழ் நாட்குறிப்புகளுள் இது குறிப்பிடத்தக்கது. ஒர்சே மா. கோபாலகிருஷ்ணன் இதனைப் பதிப்பித்து 1992இல் வெளியிட்டார்.

நாட்குறிப்பின் காலம் ஆட்சி மாற்றங்களின் காலமாகும். 1778 அக்டோபரில் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று. 1785இல் பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பியது. 1790இல் புரட்சிச் செய்தி கடல்வழி வந்து சேர்ந்தது. ஆளுநர் தெ பிரேன் காலத்தில் ஐரோப்பியக் குடிகள் பேரவை கூட்டினர். மன்னர் பெயரால் இயங்கிய ஆட்சியில் ‘நாடு’ என்னும் புதிய அதிகார மூலம் புகுந்தது.

இச்சூழலில் நயினாரை மன்னர் பற்றாளர் எனலாமா? மால்செர்ப்பின் பற்று அரசனையும் அவனது சட்டத்தையும் சார்ந்தது. நயினாரின் அதிகாரமோ இரு கால்களில் நின்றது. ஒன்று பிரெஞ்சு அரசின் நியமனம். மற்றொன்று ஊர் வழக்கமும் குடும்ப உரிமையும். முன்னது ஆட்சிதோறும் மாறியது, பின்னது நிலைத்தது. ஆகவே அவர்தம் பற்றை முடியின்மீது மட்டும் வைத்து அளத்தல் பொருந்தாது. ஊர் ஒழுங்கின்மீது கொண்ட பற்று என்பதே ஏற்புடைத்து.

பிற்கால வரலாறும் இக்கருத்திற்கு அரணாகிறது. 1793 ஆகஸ்டு 23இல் புதுச்சேரி மீண்டும் ஆங்கிலேயரிடம் வீழ்ந்து, 1816இல்தான் பிரெஞ்சு ஆட்சிக்குத் திரும்பியது. 1819ஆம் ஆண்டு ஆணை, இந்தியரை அவர்தம் வழக்கப்படியே நீதி விசாரிக்க வகைசெய்தது. முடி வீழ்ந்தும் வழக்கம் வீழவில்லை.

1793 சனவரியில் லூயி கொல்லப்படுவதற்கு முன்பே நாட்குறிப்பு நின்றுவிடுகிறது. எனினும் பேரரசுகளின் மாற்றத்தை ஊர்க்காவலரின் நோக்கிலிருந்து அறியத் தமிழில் கிடைத்துள்ள அரிய சான்றாக அது விளங்குகிறது. புரட்சி வரலாற்றைப் பாரிசிலிருந்து மட்டுமன்றிப் புதுச்சேரியிலிருந்தும் எழுத அது இடந்தருகிறது எனலாம்.